செப்டிக் டேங்க் அமைக்கும் முன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிப்பது ஏன் அவசியம்?

புதுதில்லி: பாதாளச் சாக்கடை வசதி இல்லாத ஊரகப் பகுதிகளில், வீட்டுக் கழிவறையிலிருந்து வெளியேறும் நீர் பெரும்பாலும் மண்ணிலேயே இறங்குகிறது. குடிநீர்க் கிணறும் அதே மண்ணின் அடியிலிருந்தே நீரைப் பெறுகிறது. ஆகவே, குழி தோண்டுவதற்கு முன் மண், நீர் ஆகிய இரண்டையும் பரிசோதிப்பது அவசியமாகிறது.

செப்டிக் டேங்கில் திடக்கழிவு அடியில் படிந்து சிதைகிறது. எனினும், அதிலிருந்து வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் நீடிக்கின்றன. அவற்றை வடிகட்டும் பணியை உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணே செய்கிறது.

மண் பரிசோதனை

இதற்கான நடைமுறையை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 தரநிலை வகுத்துள்ளது. உறிஞ்சும் அமைப்பு வரவிருக்கும் ஆழம் வரை 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் குழி தோண்டி, அடியில் 5 செ.மீ. உயரத்துக்குச் சரளை இட வேண்டும். அதில் நீர் ஊற்றி, மண்ணை நன்கு ஊறவிட வேண்டும். இரவு முழுவதும் ஊறுவது நல்லது. பின்னர், நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்பது கணக்கிடப்படுகிறது.

இந்நேரம் 30 நிமிடங்களுக்கு மிகாவிட்டால் உறிஞ்சுகுழி பொருந்தும். 30 முதல் 60 நிமிடங்கள் எனில், ஆழமற்ற உறிஞ்சு வாய்க்கால் தேவை. 60 நிமிடங்களைக் கடந்தால் அந்த மண் கழிவுநீரை ஏற்காது. வடிகட்டி அமைப்பின் மூலம் சுத்திகரித்த பின்னரே நீரை வெளியேற்ற வேண்டும்.

நீர் விரைவாக இறங்குவது மட்டுமே நல்ல அறிகுறி ஆகாது. பருமணலிலும் பாறைப் பிளவுகளிலும் கழிவுநீர் போதிய அளவு வடிகட்டப்படாமலேயே கிணற்றை எட்டக்கூடும்.

தொலைவும் நீர்மட்டமும்

குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சும் அமைப்பு குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என அத்தரநிலை கூறுகிறது. கேரளம் போன்று சிறு மனைகளிலும் திறந்தவெளிக் கிணறுகள் பரவலாக உள்ள பகுதிகளில், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கான தொலைவையும் அளப்பது இன்றியமையாதது.

நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் இருப்பின், உறிஞ்சும் அமைப்பை மேடாக்கி அமைக்க வேண்டும். கோடையில் ஆழத்தில் உள்ள நீர், பருவமழையில் குழியின் அடியைத் தொடலாம். எனவே, மழைக்கால நீர்மட்டத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர் பரிசோதனை

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலையின்படி, 100 மி.லி. நீரில் ஈ.கோலை பாக்டீரியா அறவே இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மிகையான நைட்ரேட், கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும்; நைட்ரேட் நீங்காது.

உர நீராலும் நைட்ரேட் உயரலாம். எனவே, தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு முறையும், முதல் மழைக்காலத்துக்குப் பின் மறுமுறையும் பரிசோதித்து ஒப்பிடுவது பயனளிக்கும். நைட்ரேட்டுடன் குளோரைடும் உயர்ந்து, ஈ.கோலையும் தென்பட்டால், கழிவுநீர்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

மாதிரியைக் கிருமி நீக்கிய புட்டியில், மூடியின் உட்புறத்தைத் தொடாமல் சேகரித்து, குளிர்ச்சியான நிலையில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ், அரசின் குடிநீர் ஆய்வகங்களில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் நீரைப் பரிசோதிக்கலாம்.

கிராம அளவில் வழங்கப்படும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியில் ஊற்றிய நீர் கருநிறமாக மாறினால், அது பாக்டீரியா கலப்புக்கான எச்சரிக்கை. அந்நிலையில் ஆய்வக முடிவு வரும் வரை கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். நைட்ரேட் மிகுந்திருப்பது உறுதியானால், கைக்குழந்தைகளுக்கு மாற்று நீரே பாதுகாப்பானது.