கண்ணில் தொடங்கிய கிட்னி கேன்சர் கதை

1/
"ரெண்டு கிட்னியிலும் கேன்சர் கட்டி இருக்கு." ஸ்கேன் ரிப்போர்ட் இப்படி வந்தால், அதுவும் இள வயதில் வந்தால், டாக்டர் கட்டாயம் ஒன்று கேட்பார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் 100 வருஷத்துக்கு மேலான கதை இருக்குங்க.

2/
1904. ஜெர்மனியின் கண் மருத்துவர் யூஜின் வான் ஹிப்பெல், விழித்திரையில் வரும் ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பற்றி எழுதினார்.

1926. ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் லிண்டாவ், அந்தக் கண் கட்டி, சிறுமூளைக் கட்டி, கிட்னி மற்றும் கணையத்தில் வரும் நீர்க்கட்டிகள் எல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்று காட்டினார். இருவர் பெயரும் சேர்ந்து வான் ஹிப்பெல் லிண்டாவ் நோய் ஆனது. சுருக்கமா விஹெச்எல். இதே நோய் கிட்னி கேன்சரையும் கொண்டு வரும் என்பது பின்னாடி தெளிவானது.

3/
சரி, ஏன் ரெண்டு பக்கமும் வருது?

1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃப்ரெட் நட்சன், குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். பைக்கை நினைச்சுக்கோங்க. முன் பிரேக், பின் பிரேக் ரெண்டும் போனால்தான் வண்டி நிற்காது. கேன்சரைத் தடுக்கும் மரபணுவும் அப்படி ரெண்டு பிரதி. பரம்பரையாக வந்தவருக்கு உடம்பின் எல்லா செல்லிலும் ஒரு பிரேக் பிறக்கும்போதே இல்லை. அதனால்தான் இள வயதில், இரு பக்கமும், பல கட்டிகள்.

4/
1979இல் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக 10 பேருக்கு கிட்னி கேன்சர் வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது விஹெச்எல் இல்லை. ஆனால் 3ஆம் குரோமோசோமில் ஏதோ கோளாறு என்று கைகாட்டியது. 1993இல் விஹெச்எல் மரபணு அதே 3ஆம் குரோமோசோமில் கிடைத்தது. இன்று ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம்.

5/
முன்பெல்லாம் சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி என்று வந்தால்தான் தெரியும். அப்போது நோய் முற்றியிருக்கும். அல்ட்ராசவுண்டும் சிடி ஸ்கேனும் வந்தபிறகு, தொந்தரவே இல்லாத சின்னக் கட்டியும் சிக்குகிறது.

விஹெச்எல் நோயாளிக்கு பொதுவாக 3 செ.மீ. வரும்வரை கண்காணித்து, கட்டியை மட்டும் எடுப்பார்கள். ரெண்டு கிட்னியையும் எடுத்துட்டா வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ், இல்லைன்னா மாற்று கிட்னி. அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கணக்கு.

6/
இரு பக்கமும் வந்தாலே பரம்பரைதான் என்றில்லை. ஆனால் விஹெச்எல் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு உண்டு.

"பொண்ணு கல்யாணம் கெட்டுடும்" என்று வீட்டு நோயை மறைக்காதீங்க. நீங்க சொல்லும் அந்த ஒரு தகவல்தான் உங்க தம்பிக்கும் பிள்ளைக்கும் சீக்கிரமே ஸ்கேன் எடுக்க வைக்கும். கிட்னியையும் காப்பாத்தும்.