இன்னும் ரெண்டு டிக்கெட்

"சார், இன்னும் ரெண்டு டிக்கெட் வந்துட்டா கிளம்பிரலாம்."

போன வருஷம் மதுரை விமான நிலையத்து வாசலில் ஒரு டிரைவர் என்னிடம் சொன்னது இது. இதே வாக்கியத்தை 1968ல் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்து வாசலில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். (அவர் 'டிக்கெட்' என்று சொல்லாமல் 'ஆளு' என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.) இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று காத்திருந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி. செண்பகத்தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சுமார் எட்டு கிலோமீட்டர், மலையடிவாரம். சாம்பல் நிற அணில்களுக்காக 1988ல் சரணாலயம் ஆன காடு, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. பளியர் குடியிருப்பு ஒன்று உண்டு. மேலே ஏறிப் போனால் காட்டழகர் கோயில். என் தாத்தா அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தவர். தோப்பும் எங்களுடையது இல்லை, அவர் இருந்த குடிசையும் எங்களுடையது இல்லை. அதனால் இப்போது ஊருக்குப் போனால், செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு தோப்புக்குள் இருக்கும் விடுதியில் ரூம் போட்டுத்தான் தங்குகிறேன். சொந்த ஊரில் வாடகைக்குத் தங்குகிற கோஷ்டி நான்.

மதுரை விமான நிலையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 70 கிலோமீட்டர். தனி டாக்சி 2,800 ரூபாய் என்றார்கள். நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு 700. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இன்னோவாவில் ஏறிய முதல் ஆள் நான். அடுத்து கிருஷ்ணன்கோவில் போகிற ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பிறகு இருபது நிமிஷம் யாரும் இல்லை.

ஷேர் வண்டி எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரே ஒரு கேள்விதான். நேரத்துக்குக் கிளம்புவதா, நிரம்பிக் கிளம்புவதா? நேரத்துக்குக் கிளம்பினால் காலி சீட்டின் காசு வண்டிக்காரர் தலையில் விழும். நிரம்பிக் கிளம்பினால் அந்தக் காலி சீட்டுக்கு முதலில் வந்தவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். இதில் மூன்றாவது வழி கண்டுபிடிக்கத்தான் உலகம் முந்நூற்று அறுபது வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

முந்நூற்று அறுபது என்பது சும்மா சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அழுத்தம் பற்றிப் 'பாஸ்கல் விதி' படித்திருப்பீர்களே, அதே பாஸ்கல்தான் 1662 மார்ச்சில் பாரிஸ் நகரத்தில் பொது வண்டி விட்டவர். ஒரு வண்டியில் எட்டுப் பேர், கட்டணம் ஐந்து சூ. அதற்குக் கிடைத்த அரசாணையில் ஒரு நிபந்தனை உண்டு: எவ்வளவு குறைவான ஆட்கள் இருந்தாலும், ஏன், ஒருவருமே இல்லாவிட்டாலும், குறித்த நேரத்துக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். பொதுப் போக்குவரத்து என்கிற எண்ணத்தின் மொத்தச் சாரமும் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. ஆனால் பாரிஸ் நீதிமன்றம் சிப்பாய்கள், வேலைக்காரர்கள், கூலியாட்கள் ஏறக்கூடாது என்று தடை போட்டுவிட்டது. யாருக்கு மலிவு வண்டி வேண்டுமோ அவர்களை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? சில வருஷங்களில் வண்டியே நின்றுபோனது.

அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது அமெரிக்காவின் 'ஜிட்னி'. 1914ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபோர்டு கார் வைத்திருந்தவர்கள் டிராம் வரும் வழியில் நின்று, ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற ஆரம்பித்தார்கள். நேரமும் கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. ஆள் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. ஒரே வருஷத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. டிராம் கம்பெனிகள் விடுமா? லைசென்ஸ், ஜாமீன் தொகை என்று ஒவ்வொரு நகரமாக விதிகள் வந்தன. சீக்கிரமே பெரும்பாலான ஊர்களில் ஜிட்னி காணாமல் போனது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ராணி மங்கம்மாள் சத்திரம். அவர் ஆண்டது 1689 முதல் 1706 வரை. ஆக, சத்திரம் முதலில், ரயில் பிறகு. வண்டியை விட்டு இறங்கினால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தால் போதும், தங்க இடம் வந்துவிடும். விமான நிலையம் அப்படி இல்லை. அதற்கு நீளமான ஓடுதளம் வேண்டும், எனவே ஊருக்கு வெளியேதான் போயாக வேண்டும். மதுரை விமான நிலையம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்துக்காகப் போட்டது. 2010ல் புது முனையம் வந்தது, 2012ல் கொழும்புக்கு விமானம் பறக்க ஆரம்பித்தது. ஆனால் தங்கும் இடம் மட்டும் எதிரே வந்து நிற்கவில்லை. விமானத்தில் சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து கட்டிலுக்கு இரண்டரை மணி நேரம் என்கிற விசித்திரம் இப்படித்தான் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் வந்தது 1927ல், விருதுநகர் தென்காசி மீட்டர் கேஜ் பாதை போட்டபோது. நிலையம் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி. அங்கேதான் ஜட்காக்காரர்களுக்கு வேலை. அதே காலத்தில் மோட்டார் பஸ்ஸும் வந்துவிட்டது. ஆரம்பகாலத் தனியார் பஸ்கள் பலவும் ஜட்கா மாதிரிதான்: நிரம்பினால்தான் கிளம்பும். மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் மட்டும் பெயர் வாங்கியதற்குக் காரணம் நேரம். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று சொல்லும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ரயிலும் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் சண்டை வராமல் இருக்குமா? பஸ்கள் ரயில் வருமானத்தைத் தின்கின்றன என்ற புகார் நாடு முழுக்க எழுந்தது. 1932ல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகளை விசாரிக்கச் சொன்னார்கள். கடைசியில் 1939ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வாடகை வண்டிகளை அது இரண்டாகப் பிரித்தது. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, குறித்த வழியில் நின்று நின்று போனால் 'ஸ்டேஜ் கேரேஜ்', அதாவது நம்ம பஸ். மொத்த வண்டியையும் ஒருவர் பேசி எடுத்துக்கொண்டால் 'காண்ட்ராக்ட் கேரேஜ்', அதாவது டாக்சி. பஸ்ஸுக்கு நேரம் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் இரண்டு தனியார் பஸ் கண்டக்டர்கள் பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டால், காரணம் பெரும்பாலும் ரெண்டு நிமிஷ 'டைமிங்'தான்.

1972ல் பாண்டியன் ரோடுவேஸ் வந்து, அரசு பஸ் நம்ம பக்கம் ஓட ஆரம்பித்தது. விடிகாலையில் நாலே பேரோடு மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரு டவுன் பஸ் வருகிறதென்றால், மிச்ச சீட்டுகளுக்கான காசை அரசாங்கம் கொடுக்கிறது, அதாவது நாம் எல்லோரும் கொடுக்கிறோம். பாஸ்கலின் நிபந்தனை மதுரைக்கு வந்து சேர முந்நூறு வருஷம் ஆனது!

அப்படியானால் நான் உட்கார்ந்திருந்த அந்த இன்னோவா எந்த வகை? ஆளுக்குத் தனியாகக் காசு, ஆனால் பஸ் இல்லை. சட்டம் போட்டவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. இப்போதிருக்கும் 1988ஆம் வருஷச் சட்டத்தில், ஆறு பேர் வரை ஏற்றும் 'மோட்டார் கேப்'பில் ஆளுக்குத் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் அது காண்ட்ராக்ட் கேரேஜ்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆக, காசைப் பங்கு போடலாம். ஆனால் வண்டி எப்போது கிளம்பும்? அதை டிரைவரும், முதலில் ஏறியவரின் பொறுமையும்தான் தீர்மானிக்கும்.

ஏறுவது ஒரு பிரச்னை என்றால் இறங்குவது இன்னொரு பிரச்னை. 1983ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'சூப்பர்ஷட்டில்' என்ற நீல வேன் கம்பெனி தொடங்கினார்கள். விமான நிலையத்தில் ஏழெட்டுப் பேரை ஏற்றி, ஒவ்வொருவரையும் அவரவர் ஓட்டல் வாசலில் இறக்கிவிடும். பல நகரங்களுக்குப் பரவி, முப்பது வருஷத்துக்கு மேல் அமோகமாக ஓடியது. செல்போனில் டாக்சி கூப்பிடும் காலம் வந்ததும் ஆட்டம் கண்டு, 2019 கடைசியில் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. அதில் போனவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: கடைசியாக இறங்குபவர் எல்லோருடைய ஓட்டலையும் பார்த்துவிட்டுத்தான் தன் ஓட்டலைப் பார்ப்பார். ஏறுகிற இடத்தில் முதல் ஆள் கொடுக்கும் நேரத்தை, இறங்குகிற இடத்தில் கடைசி ஆள் கொடுக்கிறார்.

இப்போது அப்பா கதை.

1968ல் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. அப்பா அப்போது சென்னையில் ஒரு அச்சகத்தில் வேலை. ரயில் மாறி மாறி ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்கியிருக்கிறார். வாசலில் நின்றது ஒரே ஒரு ஜட்கா. "இன்னும் ரெண்டு ஆளு வந்துட்டா கிளம்பிரலாம் தம்பி." மிச்ச இரண்டு ஆளுக்கான காசு அப்பாவிடம் இல்லை. கையில் துணிப்பெட்டியும் தாத்தாவுக்கு வாங்கிய ஹார்லிக்ஸ் பாட்டிலும். நடந்துவிடலாமா என்று யோசிக்க யோசிக்க, இதோ வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்றே முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஊருக்குள் போய், அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துத் தோப்புக்குப் போனபோது தாத்தா இல்லை. "இப்பத்தாம்ப்பா, அரை மணி இருக்கும்" என்றார்களாம்.

அந்த முக்கால் மணி நேரத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டிக்காரரை ஒரு நாளும் திட்டியதில்லை. நான் ஒருமுறை கோபப்பட்டபோது, "குதிரைக்கு யாருடா புல்லு போடுறது? ஒத்த ஆளுக்கு ஓட்டுனா அவன் பிள்ளைக என்னத்தத் தின்னும்?" என்றார். ரொம்ப நாள் அதை அப்பாவின் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் குணம் இல்லை, கணக்கு என்று இன்னோவாவுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

ஒருவழியாக இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். திருமங்கலம் போகும் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி, ராஜபாளையம் போகும் ஒரு அக்கா. அறுபது வயசு இருக்கும். வண்டியில் ஏறியதிலிருந்து போன் பேசிக்கொண்டே வந்தார். அண்ணன் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது அந்தப் பேச்சிலிருந்தே தெரிந்தது. திருமங்கலத்தில் ஒருவர் இறங்கினார், கல்லுப்பட்டி தாண்டி கிருஷ்ணன்கோவிலில் பையன் இறங்கினான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுர விளக்கு தெரிய ஆரம்பித்தபோது டிரைவர் லேசாகத் திரும்பிப் பார்த்தார்.

"சார், செண்பகத்தோப்பு ரோட்டுல உள்ள போயிட்டு வந்தா அரை மணிக்கு மேல ஆயிரும்."

வாசல்வரை விடுவதாகத்தான் பேச்சு. நியாயம் என் பக்கம். அந்த அக்காவும், "தம்பிய விட்டுட்டே போவோம்ப்பா. இருட்டுல எங்கிட்டுப் போவாரு" என்றார். சொல்லிவிட்டு போனைப் பார்த்தார்.

அரை மணிக்கு மேல். அப்பாவுக்கு முக்கால் மணி. ஜட்கா வாசலில் வராமல் போன அந்த இரண்டு ஆள் யார் என்று சின்ன வயசில் அடிக்கடி யோசித்திருக்கிறேன். இந்த முறை இன்னொருவர் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போகிற ஆள் நான்தான்.

"பரவாயில்லக்கா, எனக்கு டவுன்ல ஒரு வேலை இருக்கு" என்று பொய் சொல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டேன். 700 ரூபாயை அப்படியே கொடுத்தேன். வண்டி ராஜபாளையம் ரோட்டில் போய்விட்டது. அந்த அண்ணன் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஷேர் வண்டி சிநேகம் அவ்வளவுதான்.

அங்கிருந்து ஒரு ஆட்டோ. 300 ரூபாய் கேட்டார். எட்டு கிலோமீட்டருக்கு இவ்வளவா என்றேன். "திரும்பி வெறும் வண்டியாத்தான வரணும், அண்ணாச்சி" என்றார். பேரம் பேசவில்லை. காலி சீட்டுக்கு யாராவது ஒருத்தர் காசோ நேரமோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு என் முறை. என்னிடம் காசு இருந்தது. அப்பாவிடம் இல்லை. வித்தியாசம் அது மட்டும்தான்.

கொசுறு: 'ஷட்டில்' என்றால் முதலில் வண்டி இல்லை, தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இங்கும் அங்கும் ஓடும் நாடா. அதைப் பார்த்துத்தான் போய்ப் போய் வரும் ரயிலுக்கும் வேனுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அங்கே நாடாத் தறி ஓடினால் நின்று பாருங்கள். போகும்போதும் நூல் இருக்கும், வரும்போதும் நூல் இருக்கும். வெறுமனே திரும்புவது வண்டி மட்டும்தான்.