பஸ்ஸெல்டன் ஜெட்டியின் அடியில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸெல்டன் ஊரில் 1,841 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் ஓடுகிறது ஒரு மர ஜெட்டி. அதன் முனையில் வழிகாட்டியோடு ஸ்கூபா கருவி அணிந்து இறங்குகிறவர்கள், சுமார் எட்டு மீட்டர் ஆழத்தில் மென்பவளமும் கடற்பஞ்சும் போர்த்திய தூண்களையும், அவற்றினூடே திரியும் மீன் கூட்டங்களையும் காண்கிறார்கள். மேலே பலகைத் தளத்தில் இருப்பது வரலாறு, கீழே இருப்பது இயற்கை என்று பிரித்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவினை பொருந்தாது. ஒரு துறைமுகத்தின் குறைபாடுதான் கீழே உள்ள உயிர்களுக்கு இடம் தந்தது.

குறை என்னவென்றால் ஆழமின்மை. ஊரை ஒட்டிய ஜியோகிராஃப் விரிகுடாவின் மணல்தரை மிக மெதுவாகவே சரிகிறது. கரையை விட்டு வெகுதூரம் போனால்தான் கப்பல் மிதக்கத் தண்ணீர் கிடைக்கும். 1864இல் வேலை தொடங்கி 1865இல் திறந்த முதல் ஜெட்டி இருநூறு மீட்டரைக்கூட எட்டவில்லை. மணல் சேர்ந்து அதன் முனை தூர்ந்துபோனதால் 1875இல் நீட்ட வேண்டியதாயிற்று. கப்பல்கள் பெருக்கப் பெருக்க, 1960கள் வரை அது வளர்ந்துகொண்டே இருந்தது. தண்டவாளமும் அதன் மேல் கடலுக்குள் சென்றது. ஏற்றுமதியில் முதலிடம் மரத்துக்கு. லண்டன் தெருக்களில் கட்டைகளாகப் பதிக்கப்பட்டதும் இந்திய ரயில் பாதைகளுக்குச் சிலீப்பராக வந்ததும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரம். கரையானையும் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவையும் நெடுநாள் தாங்கும் மரம் அது. விற்கிற சரக்காகவும் நிற்கிற தூணாகவும் காட்டு மரமே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கப்பல் வருகை நின்றது. வடக்கே ஆழமான துறைமுகம் கொண்ட பன்பரி வணிகத்தை இழுத்துக்கொண்டது.

கடலுக்கடியில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த விரிகுடாவின் தரை பெரும்பாலும் மணலும் கடற்புல்லும்தான். கடற்பஞ்சும் மென்பவளமும் பற்றிக்கொள்ளக் கெட்டியான பரப்பு வேண்டும்; அது அங்கே அரிது. ஆழம் தேடி நூறாண்டுக் காலம் நட்டுக்கொண்டே போன தூண்கள் அந்தப் பரப்பைக் கொடுத்தன. மேலிருந்த தளம் நிழல் தந்தது; வெளிச்சத்தில் தழைக்கும் பாசிகள் பின்தங்க, இருளிலும் வளரும் உயிர்கள் தூண்களைப் பிடித்துக்கொண்டன. வடக்கிலிருந்து இறங்கும் லியூவின் நீரோட்டம் வெப்பக் கடலின் உயிர்களையும் இவ்வளவு தெற்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இப்போது 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே வாழ்வதாகக் கணக்கு. விரிகுடா ஆழமாக இருந்திருந்தால் சிறிய ஜெட்டி ஒன்றே போதுமாயிருந்திருக்கும். தூண்களின் இந்த நெடுவரிசை உருவாகியிருக்காது.

மீன்கள் எங்கும் இருப்பவைதானே, தூண்கள் அவற்றை ஓரிடத்தில் கூட்டுவதோடு சரி என்று சொல்லலாம். மீனைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் கடற்பஞ்சு நீந்தி வந்து கூடுவதில்லை; நுண்ணிய குஞ்சாக வந்து ஒட்டி, அங்கேயே வளர்ந்து, அங்கேயே சாகிறது. இன்னொரு வாதம் கனமானது: இது உண்மையில் பழைய ஜெட்டியா? 1978இல் ஆல்பி புயல் கரைப்பக்கத்தில் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. 1999இல் தீ முனையில் 65 மீட்டரை எரித்தது. 2011இல் முடிந்த சீரமைப்புக்கு 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவானது. முதல் தூண்கள் நின்றது கரையோரத்தில். முக்குளிப்பவர் முனையில் தொடுவது பிற்காலத் தூண்களை. இதை மறைக்க வேண்டியதில்லை, வழிகாட்டிகள் சொல்லியே ஆக வேண்டும். நட்டதும், உளுத்ததும், மாற்றியதும், மேலும் நீட்டியதும்தான் இந்த ஜெட்டியின் தொடக்கம் முதலான நடைமுறை. அரசு கைவிட்ட பிறகு ஊரார் பணம் திரட்டிக் காத்ததும் அதே கதையின் தொடர்ச்சி. 2003இல் திறந்த கடலடிக் காட்சிக்கூடம், முக்குளிக்க இயலாதவர்களுக்கும் அந்தத் தூண்களைக் காட்டுகிறது.

ஆனால் துறைமுகக் காலப் பழுதுபார்ப்புக்கும் இன்றையதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று உளுத்த தூண் பாரம் தாங்காத வெறும் கட்டை. பிடுங்கி எறிந்தால் யாருக்கும் நட்டமில்லை. இன்று அதையே பிடுங்கினால் பல பத்தாண்டு வளர்ச்சி அதோடு போய்விடும். ஆகவே தளத்தைத் தாங்கப் புதுத் தூண் போடட்டும்; நீருக்குள் நிற்கும் பழைய தூணையும் தரையில் சாய்ந்து கிடக்கும் கட்டையையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.