கணைய அறுவையும் குடலிழை தந்த பாடமும்

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, கி.பி. 1000 அளவில் ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவப் பெருநூலை எழுதினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதிலுள்ள கருவிப் படங்களை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அப்பகுதியின் முன்னுரையை எடுத்துரைப்போர் குறைவு. உடற்கூறு அறியாதோரின் கத்தி எவ்வாறு உயிர்களைப் பறித்தது என்பதை அதில் அவர் நிகழ்வுகளுடன் விவரிக்கிறார். கழுத்துக் கட்டியை அறுக்கப் புகுந்த ஒருவர் இரத்தக் குழாய்களை வெட்டிவிட, நோயாளி உயிர்துறந்தது அவற்றுள் ஒன்று. தோல்வியை மறைக்காமல் எழுதிவைத்ததனாலேயே அறுவை மருத்துவம் வளர்ந்தது. கணைய அறுவையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. அது சுரக்கும் செரிமான நீரும் கல்லீரலின் பித்தநீரும் முன்சிறுகுடலில் வந்து சேர்கின்றன. ஆகவே, கணையத் தலையில் தோன்றும் புற்றை அகற்ற வேண்டுமாயின், முன்சிறுகுடலையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியையும் உடன் அகற்றி, எஞ்சியவற்றைக் குடலோடு மீண்டும் இணைக்க வேண்டியிருக்கிறது. 1909இல் பெர்லினில் வால்டர் கவுஷ் இத்தகைய அறுவையை இரு கட்டங்களாகச் செய்து முடித்தார். நோயாளி பிழைத்தெழுந்தார், ஆயினும் ஒன்பது மாதங்களுக்குப் பின் பித்தநாளத் தொற்று அவர் உயிரைக் கொண்டு சென்றது. கத்தியின் வெற்றியோடு ஆபத்து முடிந்துவிடவில்லை என்பதை முதல் வெற்றியே உணர்த்திற்று.

1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், உடன் மருத்துவர் இருவருடன், மூன்று நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். முதல் நோயாளி இணைப்புகள் விட்டுப்போனதால் இறந்தார். தைக்கப் பயன்பட்டது விலங்கின் குடலிலிருந்து செய்த இழை. குடற்காயங்களைத் தைப்பதற்கென அஸ்ஸஹ்ராவீயும் குறித்துவைத்த இழை அது. புரதத்தாலான அவ்விழையைக் கணையநீர் கரைத்துவிடும் என்பதை உணர்ந்த விப்பிள், பட்டிழைக்கு மாறினார்.

இணைப்பிலிருந்து கணையநீர் கசிவது இன்றும் இவ்வறுவைக்குப் பிந்திய தொற்றின் தலையாய காரணமாக விளங்குகிறது. கசியும் நீர் வயிற்றினுள் தேங்கி, சுற்றியுள்ள திசுக்களை அரித்து, சீழ்க்கட்டிக்கு வழி வகுக்கிறது. கணையம் மிருதுவாகவும் அதன் நாளம் குறுகலாகவும் இருப்போரிடம் கசிவு மிகுதி. உடற்பருமன், நீடித்த அறுவை நேரம், மிகுந்த இரத்த இழப்பு ஆகியனவும் தொற்றுக்குத் துணை செய்கின்றன.

மற்றொரு காரணம் நல்லெண்ணத்தில் பிறந்தது. காமாலையோடு வருவோருக்கு அதைத் தணித்த பின்னரே அறுக்க வேண்டும் எனக் கருதி, பித்தநாளத்தில் குழாய் பொருத்துவது வழக்கமாயிற்று. அக்குழாய் வழியே குடலின் நுண்ணுயிரிகள் பித்தநீரில் குடிபுகுந்தன. 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், குழாய் பொருத்திய பின் அறுக்கப்பட்டோரில் 74 விழுக்காட்டினருக்கும், தாமதமின்றி அறுக்கப்பட்டோரில் 39 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல்கள் நேர்ந்தன. இதன் பின்னர், பித்தநாளத் தொற்று, மிகக் கடுமையான காமாலை, அறுவைக்கு முன் பிற சிகிச்சை போன்ற தேவை இருந்தால் மட்டுமே குழாய் பொருத்துக என்னும் கருத்து வலுப்பெற்றது.

தடுப்பு மருந்தும் இவ்வாறே மறுஆய்வுக்கு உள்ளாயிற்று. 2023இல் அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளில் 778 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. வழக்கமான செஃபாக்சிடின் பெற்றோரில் 32.8 விழுக்காட்டினருக்கு அறுவைத் தொற்று ஏற்பட்டது. பரந்த ஆற்றலுள்ள பிப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றோரில் அது 19.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

விப்பிள் பிறந்த ஊர் ஈரானின் உருமியா என்பதையும், மருத்துவ வரலாற்றில் நெஸ்தோரியரும் முஸ்லிம்களும் ஆற்றிய பங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1967இல் வெளிவந்தது என்பதையும் நம்முள் பலர் அறியோம். நம் முன்னோரின் நூல்களை அவர் தேடிக் கற்றார். தம் நோயாளியின் இறப்பையும் உலகறிய எழுதிவைத்தார். அஸ்ஸஹ்ராவீயின் பெயரை மேடைகளில் முழங்கும் நாம், அவருடைய முன்னுரையின் நேர்மையையும் கைக்கொள்வோமாயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாக அமையும்.