மண் சுமந்த தொண்டும் ஏரி காத்த ஊரவையும்

திருக்கோயிலும் திருக்குளமும் ஒன்றையொன்று பிரியாதன என்பது சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. ஆயினும், அக்குளத்திற்கு நீர் கொணரும் கால், அக்காலுக்கு நீர் தரும் ஏரி, அவ்வேரிக்கு மழைநீரைத் திரட்டி விடும் மேட்டுநிலம் ஆகிய இவையும் கோயிற்றொண்டின் எல்லைக்குள் அடங்குமோ என்பது பலரும் எண்ணிப் பாராத ஒன்றாம். அவை அடங்கும் என்பதும், அவற்றைப் பேணுதல் முன்னாளில் ஊரவர் தம் கடமையாய் நின்றது என்பதும், பின்னாளில் அக்கடமை யாங்ஙனம் தளர்ந்தது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

திருத்தொண்டத்தொகையில் நம்பியாரூரராற் போற்றப்பெற்ற அடியாருள் தண்டியடிகள் ஒருவர். திருவாரூரில் அவதரித்த இவர் பிறவியிலேயே புறக்கண் இழந்தவர். திருக்கோயிலின் மேல்பாற் குளம் இடங்குறைந்து தூர்ந்துவருதலை அறிந்து, குளத்தினுள்ளே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைத் தோண்டிக் கூடையிற் சுமந்து கொட்டினார் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தனர். கரையில் வாழ்ந்த சமணர் தடுத்ததும், மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததும், பின்னர் இறைவன் அருளால் அடிகள் கண் பெற்றதும் வரலாற்றின் எஞ்சிய பகுதிகள். சமயப் பூசலை ஒருபுறம் நிறுத்திப் பார்ப்பினும், ஒரு குளத்தின் தூரெடுத்தலே நாயன்மார் நிலையை எய்துவித்த தொண்டாயிற்று என்பது நாம் கருதத்தக்கது. உடலாற் செய்யும் பணியைச் சரியை என வகுத்த சித்தாந்த நூன்மரபிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யாது வேண்டும்?

இனி, மதுரையில் ஆலவாய்ப் பெருமான் மண் சுமந்த திருவிளையாடலை நோக்குவாம். வையை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தபோது பாண்டியன் உடைப்பினை அளந்து, குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு அடைக்குமாறு விதித்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வீழ்ந்தது. மைந்தரும் சுற்றமும் இல்லாத அவளுக்காக உதிர்ந்த பிட்டையே கூலியாகக் கொண்டு இறைவன் கூலியாளாய் வந்து மண் சுமந்தான்; பிரம்படியும் பட்டான். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. பரஞ்சோதி முனிவர் இதனை விரித்துரைத்தார். அவர்க்குப் பன்னூறாண்டு முன்னரே திருவாசகமும் இதனைக் குறித்தது. இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இது நடித்துக் காட்டப்பெறுகின்றது.

இத்திருவிளையாடலில் வரலாற்று மாணவர்க்குப் புலனாவன இரண்டு. ஒன்று, ஆற்றுக்கரையைக் காத்தல் வீட்டுக்கு வீடு பங்கிட்டுச் செய்யும் கடமையாய் இருந்த வழக்கம். மற்றொன்று, அவ்வழக்கில் ஏழைக்கு நேர்ந்த இடர். வயல் உடையாரும் பங்கு செய்தனர். ஒரு சாண் வயலும் இல்லாத வந்தியும் பங்கு செய்யக் கடமைப்பட்டாள். அவள் பக்கம் நின்றவன் இறைவன் என்பதை மறவாதிருத்தல் நன்று.

பல்லவர் காலத்துக்கு வருவோம். முதலாம் மகேந்திரவர்மன் தன் பெயரால் மகேந்திரவாடியில் ஏரி கண்டான். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காஞ்சியை அடுத்த கூரத்தில் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்ததையும், அங்குப் பரமேசுவர தடாகம் அமைந்ததையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டப்பெற்றதையும் கூரம் செப்பேடுகள் உரைக்கின்றன. கோயில், ஏரி, கால் என்னும் மூன்றும் ஒரே அறக்கொடையில் அடங்கின.

ஏரி வெட்டுதல் அரசனால் ஆகும். அதனை ஆண்டுதோறும் காத்தல் அரசனால் மட்டும் ஆவதன்று. மேட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியே ஏரியை அடைகின்றது. கரை அதனைத் தேக்குகின்றது. மதகு வயலுக்கு விடுகின்றது. மிகுந்த நீர் கலிங்கு வழியே கீழேரிக்குச் செல்கின்றது. மேட்டில் மரம் அழிந்து மண் கரையின் வண்டல் ஏரியில் நிறையும். வரத்துக்காலை ஒருவன் உழுது கொண்டால் ஊர் முழுதும் வாடும். மேலூரார் கலிங்கை உயர்த்தினால் கீழூரார் வயல் காயும். ஆதலின், நாள்தோறும் அவ்விடத்தே வாழ்வோர் கண் அதன்மேல் இருந்தாலன்றி ஏரி நிலைபெறாது.

இதனை நம் முன்னோர் செவ்வனே உணர்ந்திருந்தனர் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் விதிகளை வகுத்தனர். ஏரி வாரியத்துக்கு அறுவர்; 360 நாள் பணி. வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். அவ்வூர் வயிரமேக தடாகத்தைத் தூரெடுத்தற்கு அன்பர் பலர் பொன் கொடுத்தனர். ஏரியைப் பேணுவோர் அதன் பலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் மண் எடுப்பித்தனர். பிற ஊர்களில் இதன்பொருட்டு விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. எடுத்த வண்டல் வயலுக்கு உரமாயிற்று.

இவ்வேற்பாட்டைப் புகழுங்கால் அதன் குறையையும் கூறுதல் நேர்மை. உத்தரமேரூர்ச் சபை அந்தணர் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் தன் மனையில் எடுத்த வீடும் மறைப்பயிற்சியும் உடையோர்க்கே பொதுவாக வாரியப்பேறு கிட்டியது. கால் வேலிக்குக் குறைந்தோர்க்குக் கல்வியை நோக்கி ஓரளவு விலக்குண்டு. கூடை சுமந்தோர் ஓலையில் பெயர் பெற்றாரல்லர். வந்தியின் குறை அங்கும் தீர்ந்ததில்லை. எனினும், ஏரியின் பொன்னும் நிலமும் கணக்கும் தீர்ப்பும் ஊருக்குள்ளேயே நின்றன. அதனாற்றான் ஏரியும் நின்றது.

இந்நிலை கும்பினி ஆட்சியில் மாறிற்று. இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவனிடமும் நேரே வரி கொண்டது. ஊர் என்னும் பொதுவுடலின் வருவாயும் அதிகாரமும் குன்றின. ஏரிகள் அரசின் உடைமையாகி, பொதுவேலைத் துறையார் மேற்பார்வைக்கு வந்தன. ஆனால் மண் சுமக்கும் கடமை மட்டும் ஊரார் தலையிலேயே விடப்பட்டது. குடிமராமத்து என்று அது பெயர் பெற்றது. குடிகள் முன்போல் வாராமை கண்டு, சென்னை மாகாணத்துக்கென 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் இயற்றப்பெற்றது. வழக்கப்படி வேலைக்கு வரவேண்டியவன் தக்க காரணமின்றி வாராவிடின், அவ்வேலையின் மதிப்பில் இருமடங்கு செலுத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சட்டம் இருந்தும் குடிமராமத்து நாளடைவில் தேய்ந்தே போயிற்று. பொருளும் தீர்ப்பும் ஓரிடத்தும் உழைப்பு மற்றோரிடத்தும் பிரிந்தபின், தண்டம் அவற்றை மீட்டும் இணைக்க வல்லதாகவில்லை. பிரம்பினால் கரை அடைபடாது என்பதை ஆலவாயான் முன்னரே காட்டியருளினன் அல்லனோ?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கி, பாசனத்தார் சங்கங்களைக் கொண்டு வேலை செய்விக்க முற்பட்டது. பெயரை மீட்டது நன்றே. ஆயின், பெயரோடு வாரியத்தின் உயிரும் மீளல் வேண்டும். எவ்வேரியில் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, அது எங்குச் சென்றது, செலவு யாது என்னும் கணக்கு ஊரார் முன்னிலையில் படிக்கப்படுதல் வேண்டும். நிலமில்லாத உழைப்பாளரும், குடிநீர் எடுக்கும் பெண்டிரும், ஆடுமாடு மேய்ப்போரும், மீன் பிடிப்போரும் அவையில் இடம் பெறுதல் வேண்டும். மேலேரியாரும் கீழேரியாரும் ஓரிடத்துக் கூடி முறை பேசுதல் வேண்டும்.

சைவ அன்பர்க்கு இதில் தனிக்கடமை ஒன்று உண்டு. அப்பரடிகள் ஏந்திய உழவாரத்தை நினைந்து கோயில்தோறும் திருப்பணி செய்யும் அடியார் கூட்டங்கள் நம் நாட்டிற் பலவாக உள்ளன. அவர்கள் திருவீதியில் புல் செதுக்குதலோடு அமையாது, திருக்குளத்தின் வரத்துக்கால் வழியே மேல்நோக்கி ஒருநாள் நடந்து செல்வாராக. எங்கே கால் அடைபட்டது, எவ்விடம் கவரப்பட்டது, எந்த ஏரி தூர்ந்தது, எந்த மேடு மரமற்றது என்பதைக் குறித்துக் கொள்வாராக. பின்னர் அவ்வவ்வூராரோடு அமர்ந்து, பணியையும் பொறுப்பையும் ஒருங்கே பங்கிட்டுக் கொள்வாராக. கண்ணில்லாத ஓர் அடியார் கயிற்றைத் தடவிச் செய்த பணியைக் கண்ணுடைய நாம் செய்யாதிருத்தல் தகாது.

திருச்சிற்றம்பலம்.