பத்து வெள்ளிப் பங்கு
கெடா தோட்டங்களின் கதை – 17

சென்ற வாரம் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி கட்டியெழுப்பிய தொண்டர் படையைப் பற்றிப் படித்தோம். 1947இல் கள்ளுக்கடை மறியலை ஒடுக்கப் போலீஸ் இறங்கியதையும், தொழிலாளர் உயிர் போனதையும் பார்த்தோம். அடுத்த பத்தே ஆண்டுகளில் அதே மக்களுக்கு இன்னோர் ஆபத்து வந்தது. இம்முறை அது விற்பனைப் பத்திரத்தின் வடிவில் வந்தது.

அந்த ஆபத்தின் பெயர் தோட்டத் துண்டாடல். அதை எதிர்த்து நின்ற துன் வீ.தி. சம்பந்தன் கெடாவில் பிறந்தவர் அல்லர். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர். ஆனாலும் அவருடைய வாழ்நாள் பணியின் முதல் விளைச்சல் கெடா மண்ணில்தான் கிடைத்தது. இந்தத் தொடரில் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குவது நம் கடமை.

முதலில் துண்டாடல் எப்படி நடந்தது என்று பார்ப்போம். கொரியப் போரின்போது உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு சரிந்தது. தோட்டங்களில் மரங்கள் கிழடு தட்டியிருந்தன. மறுநடவு செய்யப் பெரும் பணம் வேண்டும். நட்ட கன்று பால் தர ஆறேழு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். நாடு சுதந்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சிய ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறத் துணிந்தார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் கூட்டாகப் பணம் போட்ட வியாபாரிகள். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றால் லாபம் கொழிக்கும்.

ஐந்து ஏக்கர் வாங்கியவருக்கு எத்தனை பால்வெட்டுக்காரர் வேண்டும்? அவரும் அவர் மனைவியுமே வெட்டிவிடுவார்கள். ஆள் தேவைப்பட்டால் குத்தகைக்காரர் கொண்டுவந்து விடுவார். கிராணி, தண்டல், ஆயா கொட்டகை, மருந்தகம் எல்லாமே பெரிய தோட்டத்தோடு ஒட்டியவை. தோட்டம் துண்டானதும் அவையும் இல்லாமல் போயின.

எல்லாவற்றிலும் கொடியது வீடு பறிபோனதுதான். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற வேண்டும். பிள்ளை பெற்ற இடம், முனியாண்டிக்குப் பொங்கல் வைத்த இடம், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். குடியுரிமை இல்லாதவர்களின் பாடு இன்னும் மோசம். கூலிம், சுங்கை பட்டாணி, பாலிங் வட்டாரங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக ரப்பரை மட்டுமே அறிந்திருந்த குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எப்படி இடியாக இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிலவரம் முற்றியதும் அரசாங்கம் உங்கு அஜீஸ் தலைமையில் ஆய்வு நடத்தியது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை அது விரிவாகப் பதிவு செய்தது. ஆனால் சட்டம் போட்டு நிறுத்துவது எளிதாக இல்லை. நம் அரசியலமைப்பில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பின்னாளில்தான் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டங்களை அனுமதியின்றி விற்கத் தடை வந்தது. அதுவரை காத்திருந்தால் லயங்கள் காலியாகிவிடும்.

சம்பந்தன் அப்போது அமைச்சர். 1955இல் ம.இ.கா. தலைவரான அவர், அந்த ஆண்டே தொழிலாளர் அமைச்சராகவும், 1957இல் சுகாதார அமைச்சராகவும், 1959இல் பொதுப்பணி, தபால், தந்தித் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அரசாங்கத்தால் சட்டத்தின் வழியே தடுக்க முடியாததை மக்களின் பணத்தைக் கொண்டு தடுக்க அவர் வழி தேடினார். கே.ஆர். சோமசுந்தரத்தோடு சேர்ந்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது. தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ப்பார். சேர்ந்த பணத்தில், விலைக்கு வரும் தோட்டத்தைச் சங்கம் துண்டாடாமல் முழுதாக வாங்கும். வேலையும் வீடும் நிலைக்கும். பால் வெட்டுகிறவரே பங்குதாரரும் ஆவார்.

காகிதத்தில் எளிமையாக இருந்த திட்டம் லயத்தில் அப்படி இருக்கவில்லை. அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது மூன்று நான்கு நாள் உழைப்பு. கடையில் பற்று, பிள்ளைக்குச் சட்டை, ஊரிலிருந்து கடிதம் போட்ட தங்கைக்குக் கல்யாணச் செலவு எல்லாம் போக மிச்சம் பிடிப்பதே பெரும்பாடு. வசூலுக்கு வந்து ஏமாற்றியவர்களைப் பார்த்துச் சலித்தவர்களும் தொழிலாளர்களில் உண்டு. அவர்களிடம் போய், உங்கள் காசைக் கொடுங்கள், உங்களுக்குத் தோட்டம் வாங்குவோம் என்று சொல்ல வேண்டும். சொல்பவர் முகத்தை நம்பித்தான் காசு வெளியே வரும்.

சம்பந்தன் அந்த முகத்தோடு தோட்டம் தோட்டமாகப் போனார். கூடவே அவர் மனைவி தோ புவான் உமாசுந்தரியும் போனார். இந்த இடத்தில்தான் சம்பந்தனுடைய குடும்ப வாழ்வும் பொதுவாழ்வும் ஒன்றாகின்றன. தோட்டத்தில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக மரம் வெட்டினார்கள். சம்பளப் பணத்தை முந்தானையில் முடிந்து, எது கடைக்கு, எது சீட்டுக்கு என்று பிரித்தவர்களும் அவர்களே. அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு பெண் வந்தது இந்தப் பணிக்குப் பெரிய பலம். தலைவரின் மனைவி மேடையில் மாலை வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தாலே போதும் என்று கருதப்பட்ட காலம் அது. உமாசுந்தரி அம்மையாரோ கணவரின் உழைப்பில் சரிபாதியைத் தம் தோளில் ஏற்றார்.

1961இல் பலன் கிடைத்தது. சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அதுதான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். ஏறத்தாழ 3,000 ஏக்கர். நாடெங்கும் வாளி சுமந்த கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் ஒரு முழுத் தோட்டமாக மாறியது. 1947இல் உரிமை கேட்டு அடிபட்ட கெடாவில், 14 ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் பணத்திலேயே ஒரு தோட்டம் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்தது. இந்தப் பெருமையை நம் பிள்ளைகள் பாடமாகவே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புக்கிட் சீடிமைத் தொடர்ந்து மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எண்ணிக்கை 10ஐத் தாண்டியது. பல்லாயிரம் பேர் உறுப்பினர் ஆனார்கள்.

சம்பந்தனுக்கு இந்தப் பரிவு எங்கிருந்து வந்தது? அவர் தந்தை வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து மலாயா வந்து, பாடுபட்டுச் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் உண்டாக்கியவர். 1919 ஜூன் 16 அன்று பிறந்த மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். ஊர்ப் பிள்ளைகளுக்காக 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். தோட்டக்காரர் மகனாக வளர்ந்த அவருக்கு ரப்பரின் கணக்கும் தெரியும், லயத்தின் கஷ்டமும் தெரியும். தந்தை சேர்த்த நிலத்தின் பெரும்பகுதி அவர் காலத்திலேயே கைவிட்டுப் போனது; கட்சிக்கும் பொதுப்பணிக்கும் செலவிட்டே அது கரைந்தது. ஒரே மகளை உடைய குடும்பஸ்தர் அவர். சொத்தைக் காப்பதுதான் குடும்பத்தைக் காப்பது என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் வேறு வழியில் போனார். மனைவியும் அந்த வழியிலேயே உடன் நடந்தார்.

உட்கட்சிப் பூசல்களுக்குப் பிறகு 1973இல் ம.இ.கா. தலைமையிலிருந்து விலகினார். தேசிய ஒற்றுமைத் துறையின் பொறுப்பையும் வகித்தார். பதவிகள் மாறினாலும் கூட்டுறவுச் சங்கத்தை அவர் விடவில்லை. 1979 மே 18 அன்று மறைந்தார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

ஒரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பங்குதாரர் ஆன பிறகும் பால்வெட்டுக்காரர் விடியலில் பெரட்டுக்கு நின்றார், மங்கு துடைத்தார், அவர் பிள்ளையும் பெரும்பாலும் வெட்டுக்கத்தியையே பிடித்தார். தோட்டம் சங்கத்துடையது ஆனாலும் நிர்வாகம் பழைய முறையிலேயே நடந்தது என்று ஆய்வாளர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. கூட்டுறவு, வேலையையும் வீட்டையும் காத்தது. வாழ்வை முழுதாக மாற்றவில்லை. ஆனால் அன்று காக்கப்படாமல் போன தோட்டங்களின் கதியோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே துரத்தப்பட்டவர்களுக்கு மாற்றத்தைப் பற்றி யோசிக்கக்கூட ஓர் இடம் மிஞ்சவில்லை. சம்பந்தன் வாங்கித் தந்தது அந்த இடத்தை. அதோடு கால அவகாசத்தையும்.

ஏழையிடம் கையேந்திக் காசு கேட்பது பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. சம்பந்தன் அவர்களிடம் கேட்டதாலேயே அவர்களை மதித்தார் என்பேன். தானம் வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். பங்கு போட்டவர் கணக்குக் கேட்பார். அந்தக் கணக்குக் கேட்கும் உரிமைதான் அவர் விட்டுச் சென்ற பெரிய சொத்து.

ஆகவே கெடா வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தாவோ பாட்டியோ சேர்த்த பங்கு குடும்பத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். வாரிசு மாற்றம் செய்யாமல் இருந்தால் செய்யுங்கள். சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய், அறிக்கையைப் படித்துக் கேள்வி கேளுங்கள். இளையவர்கள் கூட்டத்துக்கு வராவிட்டால், பால்வெட்டுக்காரர் சேர்த்த சொத்தின் முடிவுகளை வேறு யாரோதான் எடுப்பார்கள். சம்பந்தனுக்கு நினைவு நாளில் மாலை போடுவதை விட, அவர் நம்மிடம் ஒப்படைத்த இந்தப் பொறுப்பைச் செய்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்த வாரம்: வேலை பெர்மிட் கட்டாயமானபோது கெடா தோட்டங்களிலிருந்து தமிழகம் திரும்பியவர்களின் கதை.

(தொடரும்)