தோண்டாமல் வேர் பார்த்த கதை

1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் போட்டு அங்கே கிராம்பை நட்டது. மொலுக்கா தீவுகளில் பிறந்த மரம் நம் சாரலில் வேர்பிடித்துக்கொண்டது. அந்த வேர் எவ்வளவு ஆழம் இறங்கியது, எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்க அன்று மம்பட்டியை விட்டால் வேறு வழியில்லை. வேரைப் பார்த்துவிடலாம், மரம் போய்விடும்.

முதலில் கைகொடுத்தது கண்ணாடி. ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் கண்ணாடிச் சுவர் வைத்த மண்பெட்டியில் செடி வளர்த்து, சுவரை ஒட்டி இறங்கும் வேரின் வளர்ச்சியை அளந்தார். அவர் கண்டது 1873இல் வெளிவந்தது. 1937இல் பிரிட்டனின் ஜி. எச். பேட்ஸ் பெட்டியை விட்டுவிட்டு நேரே நிலத்தில் கண்ணாடிக் குழாயைச் செருகினார்; உள்ளே விளக்கையும் சிறு ஆடியையும் இறக்கி வேர்களைப் பார்த்தார். நல்ல யோசனை, ஆனால் பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970களில்தான், மருத்துவர்கள் குடலுக்குள் பார்க்கும் ஒளியிழைக் கருவியை அமெரிக்க ஆய்வாளர்கள் கடன் வாங்கி, சோயா வயலின் குழாய்க்குள் விட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இயற்பியல் வழியாக வந்த முறை. 1923இல் கோபன்ஹேகனில் ஜார்ஜ் டி ஹெவெசி, அவரைச் செடியின் வேருக்குக் கதிரியக்க ஈயம் கரைத்த நீரைக் கொடுத்து, அது செடிக்குள் எங்கெல்லாம் போகிறது என்று தேடினார். பின்னால் வந்த வேளாண் ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். மரத்தைச் சுற்றிப் பல தூரங்களில், பல ஆழங்களில் துளையிட்டுக் கதிரியக்க பாஸ்பரஸ்-32 வைத்தார்கள். 14 நாளில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் அது. பிறகு இலையைப் பறித்து, அதிலிருந்து வரும் கதிர்வீச்சைக் கருவியில் எண்ணினார்கள். எந்த இடத்தில் வைத்தது இலைக்கு வந்து சேர்ந்ததோ, அங்கே வேர் உயிரோடு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் வேர் தெரியும். அது வேலை செய்கிறதா என்பது தெரியாது.

சர்வதேச அணுசக்தி முகமை இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. 1975இல் அது வெளியிட்ட அறிக்கையில் கானாவின் கொக்கோவோடு இலங்கையின் தென்னையும் இருக்கிறது. குற்றாலத்து மலைக்கு அந்தப் பக்கம், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் மிளகுக்கொடியை எடுத்துக்கொண்டார்கள். கொடிக்கு வைத்த சத்தை அது பற்றியேறும் மரம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களின் கேள்வி. மிளகு போட்டவர் எவருக்கும் இருக்கும் கேள்விதான். தென்காசி வட்டாரத் தென்னந்தோப்புகளுக்கும் இந்த வேர்க்கணக்கு முக்கியம். தென்னை வேரில் பெரும்பகுதி தண்டிலிருந்து 2 மீட்டருக்குள் இருப்பதால்தான் 1.8 மீட்டர் ஆரத்தில், அதாவது ஆறடியில், வட்டப்பாத்தி எடுத்து உரம் வைக்கச் சொல்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து இன்னொன்றும் வந்தது. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேனில் 1971இல் முதல் நோயாளியைப் படமெடுத்தார்கள். 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குள் செடியோடு மண்ணை வைத்தார்கள். இன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரிலேயே வேர்களைப் படமெடுக்கும் கூடம் இருக்கிறது. ஆனால் சட்டியில் அடங்கும் செடிதான் ஸ்கேனருக்குள் போகும், தென்னை போகாது. ஈர மண்ணும் வேரும் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் விழுவதால், இரண்டையும் பிரித்தறியும் மென்பொருள் எழுதுவதே அங்கே பெரிய வேலையாக இருக்கிறது.